தேதி, கையெழுத்து, களைப்பு: ஏற்றுமதி அலுவலகத்துக்கு வேண்டிய ஆங்கிலம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகச் சேர்பவருக்கு முதல் மாதத்திலேயே பையரின், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரரின், மெயில் கைக்கு வந்துவிடும். அவர் படித்தது கோபியிலோ தாராபுரத்திலோ ஒரு தமிழ்வழிப் பள்ளியாக இருக்கலாம். ஜிஎஸ்எம், ஷேடு, பிரிண்ட், லேபிள், பாலிபேக் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவது அவருக்குச் சீக்கிரமே பழகிவிடும், ஏனென்றால் அந்தச் சொற்கள் எல்லாம் ஊர் முழுக்கப் புழங்குபவை. தடுமாற்றம் வருவது வேறு மூன்று இடங்களில்: எப்போது அனுப்புவாய் என்று கேட்கும்போது, இதில் கையெழுத்துப் போடு என்று சொல்லும்போது, இதற்கு மேல் முடியாது என்று உடம்பே சொல்லும்போது.

இந்த மூன்று இடங்களிலும் இலக்கணப் பிழையால் பெரிய கேடு வருவதில்லை. "ஹி டோன்ட் நோ" என்று எழுதினாலும் பையருக்குப் புரியும். மழுப்பலாகக் கொடுத்த தேதியும், மனமில்லாமல் போட்ட கையெழுத்தும், சொல்லாமல் விட்ட சுமையும்தான் ஆர்டரையும் ஆளையும் கெடுக்கின்றன. அந்த மழுப்பலுக்கான விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் நமக்கும் கீழே இருப்பவர். அலுவலகத்தில் ஒருவர் பொய்த் தேதி கொடுத்தால், அதற்காக இரவு முழுக்கக் கண்விழிப்பவர் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அதனால் இந்த அத்தியாயத்தில் சொற்களை அகரவரிசையில் அடுக்கவில்லை. உண்மையை மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்ல உதவும் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம், வாய்விட்டுப் படியுங்கள். மெயிலில் எழுதும்போது ஸ்பெல்லிங் பார்த்துக்கொள்ளக் கைபேசி இருக்கிறது.

தேதி

ஏற்றுமதி அலுவலகம் டி அண்ட் ஏ என்ற அட்டவணையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர் என்பது அதன் முழுப்பெயர். லேப் டிப் (சாய நிற மாதிரி) ஒப்புதல், ஃபிட் சாம்பிள், பிபி (ப்ரீ-ப்ரொடக்‌ஷன்) சாம்பிள், துணி உள்ளே வரும் நாள், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் என்று வரிசையாக வந்து எக்ஸ்-ஃபேக்டரியில் முடியும். சரக்கு ஃபேக்டரி வாசலைத் தாண்டும் நாள் அது. ஆர்டர் உறுதியானதிலிருந்து அதுவரை ஆகும் காலம் லீட் டைம். ஒவ்வொரு வரியிலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். திட்டமிட்ட நாள் பிளாண்டு, நடந்த நாள் ஆக்சுவல். இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் தள்ளிப்போகிறதோ அது ஸ்லிப்பேஜ். இந்த ஒரு சொல்லை வெட்கப்படாமல் பயன்படுத்தக் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. பல அலுவலகங்களில் ஆக்சுவல் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஒரு சிறு பிழையைச் சரிசெய்துகொள்வோம். நாம் "வெள்ளிக்கிழமைக்குள்" என்று நினைக்கிறோம், அதனால் "வித்தின் ஃப்ரைடே" என்று எழுதுகிறோம். "வித்தின்" கால அளவுக்குத்தான் பொருந்தும்: "வித்தின் த்ரீ டேஸ்", "வித்தின் அன் அவர்". குறிப்பிட்ட நாளுக்குப் "பை" போட வேண்டும்: "பை ஃப்ரைடே". "வரை" என்று நினைத்து "அன்டில்" போடுவது இன்னும் வம்பு. "ஐ வில் சென்ட் சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே" என்றால், வெள்ளிவரை நீங்கள் சாம்பிள் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள் என்று பையர் படிப்பார். அதேபோல "இரண்டு வாரமாகக் காத்திருக்கிறோம்" என்பதற்குச் "சின்ஸ் டூ வீக்ஸ்" தப்பு. "வீ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ வீக்ஸ்" என்று எழுதுங்கள். "சின்ஸ்" வந்தால் தொடங்கிய நாள் பின்னால் வர வேண்டும்: "பெண்டிங் சின்ஸ் 12 ஜூன்". பையரின் ஒப்புதல் தாமதமானதை நாளைக்கு நிரூபிக்க வேண்டி வந்தால், இந்தப் பன்னிரண்டாம் தேதிதான் உங்களுக்குச் சாட்சி.

அடுத்தது ஈஓடி. எண்ட் ஆஃப் டே என்பதன் சுருக்கம். யாருடைய நாள்? லண்டனில் மாலை 5 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 10.30, கோடையில் 9.30. நியூயார்க்கில் மாலை 5 மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 3.30 அல்லது 2.30. "ஈஓடி ஃப்ரைடே" என்று அமெரிக்க பையர் கேட்டால் நம் சனிக்கிழமை விடியும்வரை அவகாசம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வெள்ளி மாலை 6 மணிக்குள் முடிக்கச் சொல்லி சாம்பிளிங் பிரிவை விரட்டுபவர்கள் உண்டு. நீங்கள் வாக்குக் கொடுக்கும்போது மணியையும் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள்: "பை ஃப்ரைடே, 6 பி.எம். இந்தியா டைம்."

தேதியை 04/05 என்று எழுதவே கூடாது. பிரிட்டிஷ்காரருக்கு அது மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் தீர்ந்தது. ஐரோப்பிய பையர்கள் பலர் டெலிவரியை வார எண்ணில் கேட்பார்கள்: "வீக் 36". ஐஎஸ்ஓ முறைப்படி வாரம் திங்களில் தொடங்கும், வருடத்தின் முதல் வியாழக்கிழமை வரும் வாரம்தான் முதல் வாரம். உங்கள் சுவர்க் காலண்டர் ஞாயிற்றில் தொடங்குவதால் கணக்கு ஒரு வாரம் பிசகக்கூடும். எண்ணைப் படித்ததும், அது எந்தத் திங்கள் முதல் எந்த ஞாயிறு வரை என்பதைத் தேதியோடு பதிலில் எழுதிவிடுங்கள். "நெக்ஸ்ட் ஃப்ரைடே" என்ற சொல்லும் ஆபத்தானதே. வரும் வெள்ளியா அதற்கடுத்ததா என்பதில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

இப்போது இந்தப் பகுதியின் முக்கியமான இடத்துக்கு வருவோம். பெரியவர் ஒருவர் கேட்டதை முகத்துக்கு நேரே மறுப்பது நமக்குப் பழக்கமில்லை. "சரிங்க, பார்த்துக்கலாங்க" என்போம். கேட்பவரும் அந்தக் குரலை வைத்தே நடக்குமா நடக்காதா என்று கண்டுபிடித்துவிடுவார். மெயிலில் குரல் இல்லை. "ஓகே சார், வில் ட்ரை" என்று போனால் பையர் அதை ஒப்புதலாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆகவே சம்மதத்தின் படிகளைப் பிரித்துக் கற்றுக்கொள்ளுங்கள். "நோட்டட்" என்றால் படித்தேன், அவ்வளவுதான். அதில் ஒப்புதல் இல்லை. "அக்ரீட்" என்றால் ஒத்துக்கொண்டேன். "டென்டேட்டிவ்" என்றால் உத்தேசம், மாறக்கூடும். "கன்ஃபர்ம்ட்" என்றால் என் பெயரில் நிற்கும் வாக்கு. இவற்றுக்கு நடுவே "சப்ஜெக்ட் டு" என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. "இது நடந்தால் அது நடக்கும்" என்று பொருள். "எக்ஸ்-ஃபேக்டரி 20 ஆகஸ்ட், சப்ஜெக்ட் டு லேப் டிப் அப்ரூவல் பை 5 ஜூன்." இந்த ஒரு வரியில் நீங்கள் மறுக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. அவர் பங்கு எது, உங்கள் பங்கு எது என்பது எழுத்தில் நின்றுவிட்டது. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சொற்றொடரை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குள் மட்டும் செல்லுபடியாகும் சில சொற்களும் உண்டு. "ப்ரிபோன்" இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது, "பிரிங் ஃபார்வர்ட்" எழுதுங்கள். "ஐ வில் ரிவர்ட்" என்பதற்கு அங்கே "பழைய நிலைக்குத் திரும்புவேன்" என்று பொருள் வரும், "ஐ வில் ரிப்ளை" போதும். "டூ த நீட்ஃபுல்" என்றால் என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது. வேண்டியதை நேராகக் கேளுங்கள்.

வேலைக்கு எவ்வளவு நாளாகும் என்று கணிக்கும்போது மனிதர்கள் எல்லோருமே குறைத்துத்தான் சொல்கிறார்கள். டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் இந்தப் போக்கைப் பிளானிங் ஃபேலசி என்று பெயரிட்டு விளக்கினார்கள். இதற்கு மருந்து பஃபர், அதாவது எதிர்பாராததற்காக முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் நாட்கள். நம் ஊரில் எதிர்பார்க்கக்கூடியதற்கே பஃபர் வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போன தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை. பையருக்குக் கிறிஸ்துமஸ் தெரியும், பொங்கல் தெரியாது. ஆர்டர் பேசும் நாளிலேயே எழுதுங்கள்: "த ஃபேக்டரி வில் பி க்ளோஸ்டு ஃப்ரம் 14 டு 18 ஜனவரி." ஜனவரி பத்தாம் தேதி இதைச் சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

இனி, தாமதத்தைச் சொல்லும் மெயில். வழக்கமாக நாம் எழுதுவது இது: "ட்யூ டு சம் டையிங் ப்ராப்ளம் த ஷிப்மென்ட் மே கெட் டிலேட். கைண்ட்லி அட்ஜஸ்ட்." சாயத்தில் என்ன சிக்கல்? தெரியாது. தாமதமாகுமா ஆகாதா? "மே" என்றால் ஆகலாம், ஆகாமலும் போகலாம். எத்தனை நாள்? இல்லை. பையர் எதை அட்ஜஸ்ட் செய்வது? இதே செய்தியை இப்படி எழுதலாம்:

"வீ ஆர் ரன்னிங் சிக்ஸ் டேஸ் லேட் ஆன் திஸ் ஸ்டைல். த நேவி லாட் ஃபெயில்ட் த வாஷ் டெஸ்ட், அண்ட் வீ ஆர் ரீ-டையிங் இட். த ரிவைஸ்டு எக்ஸ்-ஃபேக்டரி டேட் இஸ் 26 ஆகஸ்ட். வீ கேன் ஷிப் த வைட் அண்ட் க்ரே ஆன் டைம். ப்ளீஸ் லெட் மீ நோ பை தர்ஸ்டே இஃப் எ பார்ஷியல் ஷிப்மென்ட் வொர்க்ஸ் ஃபார் யூ."

எத்தனை நாள், ஏன், புதிய தேதி எது, எது சரியாகப் போகும், உங்களிடம் என்ன கேட்கிறோம் என்ற வரிசையில் இது போகிறது. மன்னிப்பு வேண்டுமென்றால் கடைசியில் ஒரு முறை "வீ ஆர் சாரி ஃபார் த டிலே" போதும். இந்த மெயில் ஆறு வாரம் முன்னால் போனால், பார்ஷியல் ஷிப்மென்ட்டாகப் பிரித்து அனுப்பவோ எக்ஸ்டென்ஷன் வாங்கவோ வழி இருக்கிறது. இரண்டு நாள் முன்னால் போனால் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கு விமானத்தில் ஏறும், "ஏர் ஃப்ரெய்ட் அட் யுவர் காஸ்ட்" என்று பதில் வரும். அந்தச் செலவு ஆர்டரின் லாபம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடியது. கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்பவரைப் பையர்கள் தள்ளிவிடுவதில்லை. கடைசி நாள்வரை "ஆல் இஸ் ஃபைன்" என்று எழுதியவரைத்தான் மறக்கமாட்டார்கள்.

"அர்ஜென்ட்" என்ற சொல்லைச் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள். உங்கள் எல்லா மெயிலிலும் அது இருந்தால் எதிலும் இல்லாததற்குச் சமம்.

கையெழுத்து

தையல் பிரிவில் ஊசி உடைந்தால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஊசி முழுமையாகச் சேர்கிறதா என்று பொருத்திப் பார்த்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் துணியை எல்லாம் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தைகள் போடும் சட்டையில் ஊசிமுனை போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

நாளை ஆடிட். பதிவேட்டில் மூன்று வாரம் காலி. மேலாளர் ஒரு புதுப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: "ஏம்மா, பழைய தேதி எல்லாம் போட்டு வரிசையா ஒரு கையெழுத்துப் போட்டுடு கண்ணு."

அதட்டலாகச் சொன்னால் எதிர்க்கக்கூட முடியும், பாசமாகச் சொல்வதை மறுப்பதுதான் கஷ்டம். இப்படிப் பழைய தேதி போடுவதற்குப் பேக்டேட்டிங் என்று பெயர். நடக்காததை நடந்ததாக எழுதுவது ஃபால்சிஃபிகேஷன். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது எதிர்ப்புக் கோஷம் அல்ல, படிப்படியாக ஏறும் சில வாக்கியங்கள். முதல் படி, வெறும் உண்மை: "ஐ வாஸ் நாட் ப்ரெசென்ட் ஆன் தோஸ் டேட்ஸ்." இரண்டாவது, மாற்று வழி: "ஐ கேன் ரெக்கார்ட் தி கேப் வித் டுடேஸ் டேட்." தமிழில் பேசுவதானால், "அன்னைக்கு நான் இங்க இல்லீங்க சார். இந்த மூணு வாரம் பதிவு விட்டுப்போச்சுன்னு இன்னைக்குத் தேதி போட்டு எழுதிடறேங்க." பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும், ஏனென்றால் அவருக்கும் ஒரு வழி கிடைத்துவிட்டது. முடியாவிட்டால் மூன்றாவது: "ஐ ஆம் நாட் கம்ஃபர்டபிள் சைனிங் திஸ்." ஆங்கில அலுவலகத்தில் இது மென்மையான வாக்கியம், ஆனால் உறுதியானது. காரணம் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான்காவது: "குட் யூ ப்ளீஸ் புட் தட் இன் ரைட்டிங்?" தப்பான உத்தரவுகள் எழுத்தில் வர மறுப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கடைசிப் படி எஸ்கலேட், அதாவது இன்னும் மேலே கொண்டுபோவது: "ஐ வில் ஹேவ் டு எஸ்கலேட் திஸ்." இதைச் சொன்னால் செய்ய வேண்டும், ஆகவே செய்யத் தயாரான நாளில் மட்டும் சொல்லுங்கள்.

ஆடிட்டரின் மொழியையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும். பதிவேட்டில் மூன்று வாரம் விடுபட்டிருந்தால் அது ஒரு நான்-கன்ஃபார்மன்ஸ். அதற்குக் கரெக்டிவ் ஆக்‌ஷன் பிளான் எழுதிக் கொடுத்து, குறித்த நாளுக்குள் சரிசெய்தால் போதும். பொய்ப் பதிவு பிடிபட்டால் பல பையர்கள் அதை ஸீரோ டாலரன்ஸ், அதாவது பொறுத்துக்கொள்ளவே முடியாதது, என்ற வகையில் வைப்பார்கள். சொல்லாமல் வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பதும் பலரிடம் அதே வகைதான். அதன் பெயர் அன்ஆதரைஸ்டு சப்கான்ட்ராக்டிங். ஓவர்டைம் பதிவேட்டிலும் இதே நிலைமை. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்பது 1948-ன் தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்தே உள்ள விதி. ஆடிட்டருக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று இரண்டு பதிவேடு வைத்தால் அது டபுள் புக்ஸ். பறிபோவது அந்தத் தொழிலாளியின் கூலி. இதில் துணைபோகச் சொன்னாலும் மேலே சொன்ன படிகள்தாம்.

"கமிஷன்" என்ற சொல்லில் நமக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் நல்ல பணத்துக்கும் கள்ளப் பணத்துக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தில் கமிஷன் என்பது ஒப்பந்தத்தில் எழுதி, பில் போட்டு வாங்கும் முறையான கூலி. பட்டன் சப்ளையர் ஆர்டருக்காக உங்கள் கையில் திணிப்பது கிக்பேக். அந்தச் சப்ளையர் உங்கள் மாமாவாக இருந்தால் அது கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட். மாமாவாக இருப்பது குற்றமில்லை, சொல்லாமல் இருப்பதுதான் குற்றமாகிறது. "ஐ வுட் லைக் டு டிஸ்க்ளோஸ் தட் ஹி இஸ் மை அங்கிள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்த விலைப்புள்ளியை வேறொருவர் பார்க்கட்டும் என்று ஒதுங்கிக்கொள்ளலாம்.

உங்கள் கையால் தப்பு நடந்தால் "மிஸ்டேக் வாஸ் ஹேப்பண்ட்" என்று எழுதாதீர்கள். இலக்கணமும் தப்பு, தப்பு யாருடையது என்பதும் தெரியாது. "ஐ சென்ட் த ராங் ஃபைல். ஹியர் இஸ் த கரெக்ட் ஒன்." இரண்டே வாக்கியம்.

உயிர் போகும் விஷயத்தில் மென்மையான சொற்களுக்கு இடமில்லை. 2013 ஏப்ரல் 23 அன்று டாக்காவுக்கு அருகில் சவாரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மறுநாள் காலை தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பூட்டிய அவசர வழி, புகையும் வயரிங், விரிசல் விட்ட தூண் எதைப் பார்த்தாலும் "ஐ திங்க்", "மே பி" எதுவும் வேண்டாம். "திஸ் இஸ் அன்சேஃப். வீ ஆர் ஸ்டாப்பிங் வொர்க்." படத்தோடு, நேரத்தோடு எழுத்திலும் அனுப்புங்கள்.

புகார் சொல்வதற்கு முன்பு கான்ஃபிடென்ஷியல், அனானிமஸ் என்ற இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். அனானிமஸ் என்றால் சொன்னவர் யார் என்று யாருக்குமே தெரியாது. கான்ஃபிடென்ஷியல் என்றால் வாங்குபவருக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுக்கிறார். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணிகளில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு துறைகளுக்குள் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உங்கள் நிறுவனத்தின் ஹாட்லைன் போஸ்டரில் இந்த இரண்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று நின்று படியுங்கள். "ஹூ வில் சீ மை நேம்?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பாலியல் தொந்தரவு பற்றிய புகாரில் ஒரு சொல் மிக முக்கியம்: அன்வெல்கம், அதாவது விரும்பாதது. 2013-ம் ஆண்டுச் சட்டம் அந்தச் சொல்லைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. நீங்கள் எதிர்த்துக் கத்தினீர்களா என்பது கேள்வி அல்ல, அது உங்களுக்கு விருப்பமில்லாதது என்பதே போதும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென ஓர் உள்குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், நியாயமான காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, தமிழில் எழுதுங்கள். தேதி, இடம், சொன்ன சொற்கள், அங்கே யார் இருந்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். புகார் கொடுத்தபின் ஷிஃப்ட்டை மாற்றினாலோ, வேலையைப் பிடுங்கினாலோ, ஒதுக்கிவைத்தாலோ அதற்கு ரிட்டாலியேஷன் என்று பெயர், பழிவாங்கல். திண்டுக்கல்லில் ஒரு இளம் தையல் தொழிலாளி கொலையான பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் போராடி 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம், புகார் கொடுப்பவரைப் பழிவாங்காமல் காப்பதையும் தன் நோக்கமாக வைத்தது.

களைப்பு

"சார், ஒரே டென்ஷன்" என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் டென்ஷன்" என்று எழுதினால் பையருக்கு வேறு மாதிரி கேட்கும். அவர்களுக்கு டென்ஷன் பெரும்பாலும் இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் உரசல், நீங்கள் யாருடனோ சண்டை என்று நினைத்துவிடுவார். "பிரஷர்" நமக்கு ரத்தக் கொதிப்பு, அவர்களுக்கு வேலையின் நெருக்கடி. "ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ஃபுல்" என்றால் நான் மற்றவர்களை வாட்டுகிறேன் என்று ஆகிவிடும், "ஐ ஆம் ஸ்ட்ரெஸ்டு" என்பதே சரி.

ஆனாலும் உணர்ச்சியைச் சொல்லும் சொல் மட்டும் மேலாளரிடம் வேலைக்கு ஆகாது. எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் சொல்தான் ஆகும். வொர்க்லோட் என்பது தலையில் இருக்கும் மொத்த வேலை, கெபாசிட்டி என்பது செய்ய முடிந்த அளவு. "ஐ ஆம் ஹேண்ட்லிங் நைன் ஸ்டைல்ஸ். ஐ கேன் டூ த காஸ்டிங் ஆர் த பிபி சாம்பிள் டுடே, நாட் போத். விச் கம்ஸ் ஃபர்ஸ்ட்?" இதில் முறையிடல் இல்லை, மறுப்பு இல்லை. எது முதலில் என்று முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு அதற்குரியவரிடம் போய்ச் சேர்கிறது. இரண்டும்தான் வேண்டும் என்று பதில் வந்தால், "தென் ஐ நீட் சம்படி டு ஹெல்ப் அன்டில் 6 பி.எம்." என்று அடுத்த வரியைத் தயாராக வைத்திருங்கள். இங்கே "அன்டில்" சரி, ஏனென்றால் உதவி ஆறு மணிவரை தொடர வேண்டும்.

பர்ன்அவுட் என்ற சொல்லை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்ற உளவியலாளர் 1974-ல் எழுதிய கட்டுரைதான் அதை உளவியலுக்குள் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதற்கு வரையறை கொடுத்தபோது, அது நோய் அல்ல, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்று தெளிவாக்கியது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது கசப்பு, செய்யும் வேலையில் திறன் குறைதல். ஒரு வாரம் தூக்கமில்லாமல் ஷிப்மென்ட் அனுப்பியபின் வரும் அசதி ஞாயிறு தூங்கினால் போகும். மூன்றும் மாதக்கணக்கில் சேர்ந்து நின்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள், யாரிடமாவது பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாக எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

விடுப்புச் சொற்களில் சிலவற்றை மெயிலில் தவிர்க்க வேண்டும். "பெர்மிஷன்" போட்டுப் போவது நம் அலுவலகத்துக்குத் தெரியும், ஹாம்பர்க்கில் இருப்பவருக்குத் தெரியாது: "ஐ வில் பி அவுட் ஃபார் டூ அவர்ஸ்". "ஓடி" என்று ஆன் டியூட்டியைச் சுருக்கவே வேண்டாம், ஆங்கிலத்தில் அது அளவுக்கு மீறி மருந்து எடுத்துக்கொண்டதைக் குறிக்கும். உடம்பு சரியில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு, வாந்தி என்று விவரிக்கத் தேவையில்லை: "ஐ ஆம் அன்வெல் அண்ட் வில் பி ஆன் சிக் லீவ் டுடே". அதற்குக் கீழே ஹேண்டோவர் இருக்க வேண்டும்: எந்த ஸ்டைல் எந்த நிலையில், இன்று யார் பதில் சொல்வார், எது நாளைவரை காத்திருக்கலாம். இந்த மூன்று வரி இருந்தால் காய்ச்சலோடு கைபேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம்.

இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப்புக்கு என்ன செய்வது? பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் வந்திருக்கிறது. ரைட் டு டிஸ்கனெக்ட் என்கிறார்கள். பையர் அனுப்பும் அந்த நேரம் அவருக்குப் பகல் அல்லது மாலை, உடனே பதில் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவே மாட்டார். முதல் மாதத்திலேயே உங்கள் மெயிலின் அடியில் வேலை நேரத்தை எழுதிவிடுங்கள்: "மை வொர்க்கிங் அவர்ஸ் ஆர் 9.30 டு 6.30, இந்தியா டைம்." உண்மையிலேயே அவசரமானால் யாரை அழைப்பது என்றும் சேர்த்து எழுதுங்கள். உடனுக்குடன் பதில் போட்டுப் பழக்கிவிட்டு ஆறாம் மாதத்தில் நிறுத்துவது கடினம்.

பயிற்சி

கீழே உள்ள மெயில் ஒரு மெர்ச்சண்டைசர் எழுதுவது போன்றது. "டியர் மேடம், நோட்டட். வில் ட்ரை டு சென்ட் வித்தின் ஃப்ரைடே ஈஓடி. சம் டிலே இஸ் தேர் சின்ஸ் டூ வீக்ஸ். ஐ ஆம் ஹேவிங் டூ மச் டென்ஷன். கைண்ட்லி அட்ஜஸ்ட் அண்ட் டூ த நீட்ஃபுல்."

உண்மை நிலவரம் இது: பிரிண்ட் ஒப்புதல் ஜூன் 12 முதல் பையரிடமே நிற்கிறது. ஒப்புதல் வரும் புதன்கிழமைக்குள் கிடைத்தால் சாம்பிளைத் திங்கள் மாலை அனுப்ப முடியும். எழுதுபவர் தனியாக ஒன்பது ஸ்டைல் பார்க்கிறார், ஆனால் அது பையருக்குச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல. பிரிண்ட் ஒப்புதல் விஷயத்தை நான்கு வாக்கியத்தில் பையருக்கும், ஒன்பது ஸ்டைல் விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் மேலாளருக்கும் தனித்தனி மெயிலாக எழுதுங்கள். "சப்ஜெக்ட் டு" ஒரு முறையும் "விச் கம்ஸ் ஃபர்ஸ்ட்" ஒரு முறையும் வர வேண்டும். எழுதி முடித்ததும், சென்ற வாரம் நீங்களே அனுப்பிய மெயில்களைத் திறந்து, "வில் ட்ரை" என்று இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி எழுதிப் பாருங்கள்.